வெளியூர் சிகிச்சை: எதற்குப் பயணம் தேவை, எது உள்ளூரிலேயே கிடைக்கும்?

சிகிச்சைக்காக ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வது தமிழ்நாட்டில் அன்றாடம் நிகழ்வது. இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கும், ஓசூரிலிருந்து பெங்களூருக்கும், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கும், ஏறத்தாழ எல்லா மாவட்டங்களிலிருந்தும் சென்னைக்கும் நோயாளிகள் செல்கின்றனர். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் குடும்பத்துடன் வந்து தங்கிச் சிகிச்சை பெறுவோரும் பலர்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். அங்கே சென்று சேர்வது இலவசமன்று. பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு, உணவு, உடன் வருபவர் இழக்கும் நாள் கூலி ஆகிய அனைத்தும் சேர்ந்தால், ஒரே நோய்க்கு ஒரே மருத்துவமனையில் சிகிச்சை பெறும் இருவருள் ஒருவருக்கு அது எளிதாகவும் மற்றவருக்கு எட்டாததாகவும் ஆகிவிடுகிறது. இதன் விளைவு பெரும்பாலும் சிகிச்சை மறுப்பாகத் தெரிவதில்லை. பாதியில் நின்றுபோன சிகிச்சையாகவே தெரிகிறது.

எந்த நிலையில் பயணம் அவசியம், எந்த நிலையில் பயணம் ஆபத்து, வெளியூரில் தொடங்கிய சிகிச்சையின் எந்தப் பகுதியை உங்கள் ஊரிலேயே தொடரலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

தூரம் யாரை அதிகம் பாதிக்கிறது?

தூரத்தின் சுமை அனைவருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. மாதச் சம்பளம் பெறுபவர் விடுப்பு எடுத்துச் செல்லலாம். தினக்கூலிக்குச் செல்பவருக்குப் பயண நாள் ஒவ்வொன்றும் வருமானம் இல்லாத நாள். தனியாக வாழும் முதியவருக்கும், கைக்குழந்தை உள்ள தாய்க்கும், மலைக்கிராமங்களில் வசிப்போருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் "யார் அழைத்துச் செல்வது?" என்பதே முதல் கேள்வி. குடும்பத்தில் பெண் நோயாளியின் பயணம் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போவதும் மருத்துவர்கள் அடிக்கடி காண்பதே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். அப்பேருந்து ஒரு பெண்ணை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு இலவசமாகக் கொண்டுசேர்க்கும். மாவட்ட எல்லையைக் கடந்து செல்லும் வெளியூர்ப் பேருந்துக்கு அவர் கட்டணம் செலுத்த வேண்டும். ஆகவே, அவருக்குத் தேவையான சிகிச்சை எந்த மருத்துவமனையில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அவருடைய செலவு முற்றிலும் மாறிவிடுகிறது.

இதனால்தான் மருத்துவ வசதிகளை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்வது சம வாய்ப்புக்கு அடிப்படையாகிறது. 2022 ஜனவரி 12 அன்று விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திருவள்ளூர், நாகப்பட்டினம், திண்டுக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர், இராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகிய 11 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்துவைக்கப்பட்டன. முன்பு பக்கத்து மாவட்டத்துக்குச் சென்று பெறவேண்டியிருந்த பல சிகிச்சைகளை இம்மாவட்ட மக்கள் இப்போது தம் மாவட்டத்திலேயே பெற இயலும். ஆயினும், பழைய பழக்கத்தால் இன்றும் பலர் நேராகச் சென்னைக்கோ மதுரைக்கோ செல்கின்றனர். புறப்படும் முன், உங்கள் மாவட்டத்தில் அச்சிகிச்சை இப்போது கிடைக்கிறதா என்று விசாரிப்பதே முதற்படி.

எப்போது பயணம் செய்யக் கூடாது?

கீழ்க்காணும் நிலைகளில் "பெரிய மருத்துவமனைக்கே போய்விடுவோம்" என்று வாடகை வண்டியில் நெடுந்தூரம் செல்வது உயிருக்கு ஆபத்தானது. 108-ஐ அழையுங்கள். மருத்துவ வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கே முதலில் செல்லுங்கள்.

*மாரடைப்பு.* நெஞ்சின் நடுவே அழுத்தம் அல்லது வலி, இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை அறிகுறிகள். நீரிழிவு நோயாளிகளுக்கும் முதியோருக்கும் வலி இல்லாமலேயே களைப்பும் மூச்சுத் திணறலும் மட்டும் தோன்றலாம். அடைபட்ட இரத்தக் குழாயை எவ்வளவு விரைவாகத் திறக்கிறோமோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இதற்கான முதற்கட்ட மாத்திரைகள் இருப்பில் வைக்கப்பட்டுள்ளன. உடனடியாக ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் மருத்துவமனை தொலைவில் இருந்தால், இரத்த உறைவைக் கரைக்கும் ஊசியை அருகிலுள்ள மருத்துவமனையிலேயே செலுத்தி, அதன் பின் மாற்றுவதே சரியான முறை.

*பக்கவாதம்.* முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை அறிகுறிகள். உறைவைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலோருக்கு அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் மட்டுமே செலுத்த இயலும். சிடி ஸ்கேன் வசதியுள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கூறுங்கள்.

*பாம்புக்கடி.* நஞ்சுமுறிவு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ளது. கட்டு இறுக்கிக் கட்டுவதோ, கீறிவிடுவதோ, தொலைவிலுள்ள வைத்தியரைத் தேடிச் செல்வதோ கூடாது.

*சாலை விபத்து.* 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசமாக அளிக்கப்படுகிறது. காயமடைந்தவர் எந்த மாநிலத்தவர், காப்பீட்டு அட்டை உள்ளவரா இல்லாதவரா என்பது பொருட்டன்று.

*கீமோதெரபிக்குப் பின் காய்ச்சல்.* இதைப் பலர் அறிவதில்லை. சென்னையிலோ மதுரையிலோ மருந்து செலுத்திக்கொண்டு ஊர் திரும்பியவருக்கு, பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களுக்குள், வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்நாள்களில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு இரவுப் பேருந்தில் சென்னைக்குப் புறப்படாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே சென்று, "கீமோதெரபி பெற்று இத்தனை நாளாகிறது" என்று நுழைவிலேயே கூறுங்கள். நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து தொடங்குவதில் ஏற்படும் சில மணி நேரத் தாமதமும் உயிரைப் பறிக்கக்கூடும்.

எப்போது பயணம் செய்வது சரி?

எல்லாச் சிகிச்சையும் எல்லா ஊரிலும் கிடைக்க இயலாது. பிறவி இதயக் குறைபாட்டுக்கான குழந்தை அறுவை சிகிச்சை, உறுப்பு மாற்று, கணையம், உணவுக்குழாய் போன்ற உறுப்புகளின் புற்றுநோய் அறுவை சிகிச்சை, அரிய நரம்பு நோய்கள் ஆகியவற்றுக்கு, அவற்றை அதிக எண்ணிக்கையில் செய்துவரும் மையத்தில் சிகிச்சை பெறுவது நல்லது. அங்கே அறுவை மருத்துவர் மட்டுமின்றி மயக்க மருத்துவர், தீவிர சிகிச்சைப் பிரிவு, செவிலியர் என ஒரு குழுவே அதில் பழகியிருக்கும்.

புற்றுநோய் என்று கண்டறியப்பட்டால் முதல் முறையாகச் சிகிச்சைத் திட்டத்தை வகுத்துக்கொள்ள ஒரு சிறப்பு மையத்துக்குச் சென்று வருவதும் பயனுள்ளதே. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்றவை இத்தகைய மையங்கள். திட்டம் வகுத்தபின் அதன் பெரும்பகுதியை உங்கள் ஊருக்கு அருகிலேயே நிறைவேற்ற இயலுமா என்று அம்மருத்துவரிடமே கேளுங்கள்.

உள்ளூர் மருத்துவர் கூறுவதில் ஐயம் இருந்தால் இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறுவது உங்கள் உரிமை. "இங்கேயே போதும்" என்ற அறிவுரை, தேவையான பரிந்துரையை மறுப்பதற்கான காரணமாக அமையக் கூடாது. உங்கள் நோய்க்கு உள்ளூரில் வசதி இல்லையெனில், எங்கே செல்ல வேண்டும் என்பதையும் காரணத்தையும் எழுதிப் பரிந்துரைக் கடிதமாகக் கேட்டுப் பெறுங்கள்.

நீண்டநாள் சிகிச்சை: தூரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரே முறை செய்யும் அறுவை சிகிச்சைக்கு 500 கிலோமீட்டர் செல்வது கடினமேனும் இயலக்கூடியது. திரும்பத் திரும்பச் செய்யவேண்டிய சிகிச்சைக்கு 60 கிலோமீட்டர்கூட நீண்ட தூரமே.

*டயாலிசிஸ்.* பெரும்பாலான நோயாளிகளுக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் டயாலிசிஸ் தேவைப்படுகிறது. அதாவது ஆண்டுக்கு 156 முறை. மையம் 60 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், சென்று திரும்பும் தூரம் ஆண்டுக்கு 18,720 கிலோமீட்டர். அதே மையம் 10 கிலோமீட்டரில் இருந்தால் 3,120 கிலோமீட்டர். இந்த வேறுபாடே ஒருவர் வேலைக்குச் செல்கிறாரா, இடையில் முறை தவறுகிறாரா என்பதைத் தீர்மானிக்கிறது. முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பு நின்றுவிடவும் கூடும். ஆகவே, டயாலிசிஸ் தொடங்கும்போதே மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அருகிலுள்ள அரசு வட்ட மருத்துவமனையிலும் இடம் உள்ளதா என்று விசாரியுங்கள். இடம் இல்லையெனில் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்துவிட்டு, இப்போதைய மையத்தில் சிகிச்சையைத் தொடருங்கள். வயிற்று உறை வழியாக வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வழங்கப்படுகின்றன.

*கதிர்வீச்சு சிகிச்சை.* ஒவ்வொரு நாளும் சில நிமிடங்களே ஆகும் இச்சிகிச்சை, பொதுவாக வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 முதல் 7 வாரங்கள் வரை நீளும். இடையில் நிறுத்தினால் பலன் குறையும். எடுத்துக்காட்டாக, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளிக்கதிர்வீச்சையும் உட்கதிர்வீச்சையும் சேர்த்து 8 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும். இரண்டு வாரம் முடிந்தபின் கைப்பணம் தீர்ந்து ஊர் திரும்புபவர், சிகிச்சையின் பக்க விளைவுகளை ஏற்றுக்கொண்டு அதன் பலனை இழக்கிறார். மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி, தஞ்சாவூர் உள்ளிட்ட பல நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கதிர்வீச்சு சிகிச்சை உள்ளது. நாள்தோறும் சென்று திரும்ப இயலாதெனில், முதல் நாளுக்கு முன்பே முழுக் காலத்துக்கும் தங்குமிடத்தை உறுதி செய்யுங்கள்.

*சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, மனநலச் சிகிச்சை.* நிலை கட்டுக்குள் வந்தபின் மாத்திரை வாங்குவதற்காக மட்டும் நகரத்துக்குச் செல்லத் தேவையில்லை. மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் மருத்துவர் தெளிவாக எழுதித் தந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வட்ட மருத்துவமனையிலோ பெரும்பாலானவற்றைப் பெறலாம். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் 'மக்களைத் தேடி மருத்துவம்' களப் பணியாளர்கள் வழியாக வீட்டிலும் வழங்கப்படுகின்றன. மருத்துவருடன் காணொலியில் ஆலோசனை பெற அரசின் இ-சஞ்சீவனி சேவையைப் பயன்படுத்தலாம்.

புறப்படும் முன்

- உள்ளூர் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். நோயின் பெயர், இதுவரை செய்த சிகிச்சை, அனுப்பும் காரணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.
- செல்லும் மருத்துவமனையில் உங்களுக்குரிய சிறப்புப் பிரிவின் புறநோயாளி நாள் எது என்று கேட்டறியுங்கள். பல சிறப்புப் பிரிவுகள் வாரத்தில் சில நாள்கள் மட்டுமே செயல்படும். நாள் தவறிச் சென்றால் ஒரு பயணம் வீணாகும்.
- ஸ்கேன் படங்கள், பரிசோதனை முடிவுகள், உடல்திசு ஆய்வறிக்கை, கிடைக்குமெனில் திசு வில்லைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். இவை இல்லாவிடில் அதே பரிசோதனைகளை மீண்டும் செய்ய நேரிடும்.
- அறிக்கைகள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 14 இலக்க ஆபா எண் உருவாக்கியிருந்தால், அதனுடன் இணைக்கப்பட்ட ஆவணங்களை உங்கள் ஒப்புதலுடன் மற்ற மருத்துவமனையும் காண இயலும்.
- இப்போது உட்கொள்ளும் மருந்துகளைப் பத்து நாள்களுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.
- டயாலிசிஸ் நோயாளிகள் வேறு ஊருக்குச் செல்வதாயின் அங்குள்ள மையத்தில் முன்பே இடம் பதிவு செய்ய வேண்டும். எடை இலக்கு, கடைசி டயாலிசிஸ் விவரம், மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை அம்மையம் கேட்கும்.

செலவைக் குறைக்கும் உதவிகள்

*காப்பீடு.* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் சேரலாம். இது 2018 முதல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைத்துச் செயல்படுத்தப்படுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் அட்டை எந்த மாவட்டத்தில் வழங்கப்பட்டிருந்தாலும், திட்டத்தில் சேர்க்கப்பட்ட தமிழ்நாட்டின் எந்த மருத்துவமனையிலும் செல்லும். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே உரியவை. வேறு மாநிலத்துக்குச் செல்வதாயின் உங்கள் அட்டை அந்த மருத்துவமனையில் ஏற்கப்படுமா என்பதைப் புறப்படும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் உறுதி செய்யுங்கள். சிகிச்சை முடிந்தபின் கேட்பதால் பயனில்லை. காப்பீடு சிகிச்சைச் செலவுக்கானது என்பதையும், நீங்கள் தங்குவதற்கும் உடனிருப்பவரின் உணவுக்கும் தனியே பணம் தேவைப்படும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

*ரயில் கட்டணச் சலுகை.* சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு குளிர்சாத வகுப்பிலும் கட்டணம் முழுவதும் விலக்கு. உடன் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை. சிறுநீரக மாற்று அல்லது டயாலிசிஸுக்காகச் செல்வோர், இதய அறுவை சிகிச்சைக்காகச் செல்வோர், தலசீமியா நோயாளிகள் ஆகியோருக்கும் உடன் செல்பவருக்கும் இவ்விரு வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை உண்டு. இதற்கு ரயில்வே வகுத்துள்ள படிவத்தில் மருத்துவமனையின் சான்று தேவை. சான்றை மருத்துவமனையில் கேட்டுப் பெற்று, ரயில் நிலைய முன்பதிவு மையத்தில் காட்டுங்கள்.

*தங்குமிடமும் உணவும்.* சென்னையிலுள்ள அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் உடனிருப்போருக்கென மாநகராட்சியின் இரவுக் காப்பகங்கள் உள்ளன. சில வளாகங்களில் குறைந்த விலையில் உணவு வழங்கும் அம்மா உணவகங்களும் உள்ளன. மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ உதவி மையத்தையோ முதல் நாளிலேயே அணுகுங்கள். இடைத்தரகர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் படுக்கை பெற்றுத்தருவதாக யாரேனும் பணம் கேட்டால், அதை நிலைய மருத்துவ அலுவலரிடம் தெரிவியுங்கள்.

ஊர் திரும்பும் முன்

வெளியூர் சிகிச்சை தோல்வியடைவது பெரும்பாலும் அறுவை அரங்கில் அன்று. நோயாளி ஊர் திரும்பியபின், உள்ளூர் மருத்துவருக்கு என்ன நடந்தது என்று தெரியாத நிலையில்தான். விடுவிப்புச் சுருக்கம், அதாவது டிஸ்சார்ஜ் சம்மரி, இல்லாமல் மருத்துவமனையை விட்டு வெளியேறாதீர்கள். அதில் கீழ்க்காணும் விவரங்கள் உள்ளனவா என்று செவிலியரிடம் அல்லது மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

- நோயின் பெயர், செய்த அறுவை சிகிச்சை அல்லது செலுத்திய மருந்து, தேதி.
- தொடர வேண்டிய மருந்துகள், அவற்றின் அளவு, எத்தனை நாள்.
- தையல் பிரிப்பு, இரத்தப் பரிசோதனை, கட்டு மாற்றுதல் ஆகியவற்றுள் எவற்றை உள்ளூரில் செய்யலாம்.
- எந்த அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
- உள்ளூர் மருத்துவர் ஐயம் கேட்கத் தொடர்பு கொள்ளவேண்டிய பிரிவின் தொலைபேசி எண்.
- அடுத்த வருகையின் தேதி, அது நேரில் வரவேண்டியதா, காணொலியில் போதுமா.

சிகிச்சை ஆவணங்களை நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் உள்ளது. ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள், நலமாக இருந்தாலும், அச்சுருக்கத்துடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னர் நள்ளிரவில் சிக்கல் ஏற்பட்டால் உங்களை அறிந்த ஒரு மருத்துவமனை அருகில் இருக்கும்.

வேலைக்காகவும் பிரசவத்துக்காகவும் ஊர் மாறுவோர்

சிகிச்சைக்காக அல்லாமல் பிற காரணங்களுக்காக ஊர் மாறும்போதும் சிகிச்சை அறுந்துபோகிறது.

*காசநோய்.* பொதுவாக 6 மாதம் தொடர வேண்டிய சிகிச்சை இது. கட்டுமான வேலை, செங்கல் சூளை, கரும்பு வெட்டு ஆகியவற்றுக்காக இடம் பெயர்வோர் நடுவில் நிறுத்திவிடும் ஆபத்து அதிகம். நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறக்கூடும். உங்கள் நிக்‌ஷய் எண் இந்தியா முழுவதும் செல்லும். புறப்படும் முன் உங்கள் மையத்தில் தெரிவித்தால் புதிய ஊருக்கு மாற்றித் தருவர். தெரிவிக்காமல் சென்றிருந்தாலும் அங்குள்ள அரசு மருத்துவமனையில் அந்த எண்ணைக் கூறுங்கள். ஊட்டச்சத்துக்கான மாதம் 1,000 ரூபாய் உதவியும் இடம் மாறுவதால் நின்றுவிடாது. பிற மாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டில் பணிபுரிவோருக்கும் இது பொருந்தும்.

*எச்ஐவி.* ஏஆர்டி மருந்தையும் ஒரு மையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் விவரம் இரகசியமாகவே வைக்கப்படும். ஐயங்களுக்கு 1097.

*பிரசவம்.* தாய்வீட்டுக்குச் செல்லும் கர்ப்பிணிகள் தாய்சேய் நல அட்டையையும் பிக்மி எண்ணையும் தவறாமல் எடுத்துச் செல்ல வேண்டும். ஏழாம், எட்டாம் மாதங்களில் ஊர் மாறுபவர், சென்ற ஒரு வாரத்துக்குள் அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். இரத்த அழுத்தம், இரத்தசோகை, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் எந்த மருத்துவமனையில் பிரசவம் என்பதை வலி வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

"வெளியூர்க்காரர்" என்று மறுக்கலாமா?

நோயாளிகள் ஒரு நகரத்தில் குவியும்போது அந்நகர மக்களின் காத்திருப்பும் நீள்கிறது என்பது உண்மை. அதனால் "முதலில் எங்கள் ஊர் மக்களைப் பாருங்கள்" என்ற குரல் எழுவதுண்டு. 2018-ஆம் ஆண்டு டெல்லி அரசு, தனது குரு தேக் பகதூர் மருத்துவமனையில் டெல்லி வாக்காளர் அட்டை உள்ளவர்களுக்குப் படுக்கைகளிலும் இலவச மருந்து, பரிசோதனைகளிலும் முன்னுரிமை அளிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அவசர சிகிச்சையைப் பொறுத்தவரை, அரசு மருத்துவமனை உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கத் தவறுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்துள்ளது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற ஒரு தொழிலாளியைக் கொல்கத்தாவின் பல அரசு மருத்துவமனைகள் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய வழக்கு அது.

ஆகவே, தொலைவிலிருந்து வருபவரைத் தடுப்பது தீர்வன்று. அருகில் கிடைக்கும் சிகிச்சைக்கு அருகில் செல்வதே, தொலைவில் மட்டும் கிடைக்கும் சிகிச்சைக்காகக் காத்திருப்போருக்கு இடம் தருகிறது. வட்ட மருத்துவமனையில் பிரிக்கக்கூடிய தையலுக்காக ஒருவர் சென்னையில் வரிசையில் நிற்கும்போது, அவருக்கும் அலைச்சல், அவருக்குப் பின் நிற்கும் குழந்தையின் இதயப் பரிசோதனைக்கும் தாமதம்.

உள்ளூர் மருத்துவமனையில் இருக்கவேண்டிய மருந்தோ, மருத்துவரோ, கருவியோ இல்லையெனில், வெளியூர் செல்வதோடு நின்றுவிடாமல் 104 என்ற எண்ணில் தெரிவியுங்கள். தெரிவிக்கப்படாத குறை பதிவேட்டில் இடம்பெறுவதில்லை.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளியுடன் வாரக்கணக்கில் வெளியூரில் தங்குவது உங்கள் உடலையும் மனத்தையும் பாதிக்கும். இயன்றால் இருவர் மாறி மாறித் தங்குங்கள். உங்களுக்குரிய மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். பணம் தீர்ந்துபோகும் நிலை வந்தால், நோயாளியை அழைத்துக்கொண்டு சொல்லாமல் ஊர் திரும்பாதீர்கள். அந்த நிலையைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறுங்கள். மீதிச் சிகிச்சையை உங்கள் மாவட்டத்துக்கு மாற்றித் தருவதோ, வருகைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதோ பல நேரங்களில் இயலும். அதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. மனச்சோர்வு மிகுந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

நினைவில் கொள்ளவேண்டிய எண்கள்

- அவசர ஊர்தி: 108
- மருத்துவ ஆலோசனை, புகார்: 104
- முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம்: 1800 425 3993
- ஆயுஷ்மான் பாரத்: 14555
- காசநோய் உதவி: 1800 11 6666
- எச்ஐவி உதவி: 1097
- மனநல உதவி: 14416

இப்பக்கத்தின் தகவல்கள் பொதுவான வழிகாட்டுதலுக்கானவை. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற முடிவை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவருடன் கலந்து எடுங்கள். அடுத்த முறை அவரைக் காணும்போது, "இதில் எதை எங்கள் ஊரிலேயே செய்துகொள்ளலாம்?" என்ற கேள்வியை மறவாமல் கேளுங்கள்.